இரண்டாவது ஒன்று இருக்கிறதா?

கேள்வி: ஆசிரியர் ஐயா, கல்யாணமான நாளிலிருந்து பெருநகரத்தில்தான் இருக்கிறோம். நான் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு நடுத்தர நகரம் ஒன்றில் நல்ல பதவி வந்திருக்கிறது, இரண்டு மாதத்தில் வந்து சேரச் சொல்கிறார்கள். "நிம்மதியான ஊர், யோசிக்காமல் போ" என்கிறார் அக்கா. "அது கிராமமும் இல்லை, நகரமும் இல்லை, இரண்டுங்கெட்டான். ஒரே வருடத்தில் திரும்பி வந்துவிடுவாய்" என்கிறார் அலுவலகத் தோழி. எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் எதிர்காலம் என்ன ஆகும்? அந்த மாதிரி ஊரில் வாழ்க்கை என்று ஒன்று இருக்கிறதா?
— ஒரு வாசகி

பதில்: இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். உலகத்தில் நகரவாசிகள் என்று கணக்கில் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் 5 லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களில்தான் வாழ்கிறார்கள் என்று ஐ.நா. 2018-ல் சொன்னது. ஒரு கோடியைத் தாண்டிய மாநகரங்கள் அப்போது 33 இருந்தன, அவற்றில் வாழ்ந்தவர்கள் எட்டில் ஒருவர் மட்டுமே. செய்தி எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் பெரும்பாலும் அந்த எட்டில் ஒரு பங்கிலேயே குடியிருப்பதால், மற்ற ஊர்களில் எல்லாம் ஏதோ காத்திருப்பு நடப்பது போலவும், வாழ்க்கை வேறெங்கோ நடப்பது போலவும் நமக்கு ஒரு எண்ணம் பழகிப்போய்விட்டது. உங்கள் தோழி சொல்வது அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. ஆனால் அக்கா சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். நிம்மதி என்பது ஊர்ப் பலகையில் எழுதியிருக்கும் சமாச்சாரம் இல்லை.

முதலில், எந்த மாதிரி நடுத்தர நகரம் என்று நீங்கள் சொல்லவே இல்லை. மக்கள்தொகையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை நடுத்தரம் என்கிறது, ஐ.நா.வின் பட்டியலில் நடுத்தரம் 10 லட்சத்தில்தான் தொடங்கி 50 லட்சம் வரை போகிறது. இப்படி ஒன்றோடொன்று ஒட்டாத அளவுகோல்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதைவிட, அந்த ஊர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வால்டர் கிறிஸ்டாலர் என்ற ஜெர்மானியப் புவியியலாளர் 1933-ல் சொன்ன விஷயம் இன்றைக்கும் உபயோகப்படுகிறது: ஒவ்வொரு சேவைக்கும் தாக்குப்பிடிக்க இத்தனை பேர் வாடிக்கையாளர் வேண்டும் என்று ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, ஒவ்வொன்றுக்காகவும் மக்கள் இவ்வளவு தூரம்தான் பயணம் செய்வார்கள் என்று ஒரு எல்லையும் உண்டு. அதனால் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் தலையாகத் தனித்து நிற்கும் 4 லட்சம் பேர் ஊரில் பல்கலைக்கழகம், நீதிமன்றம், பெரிய மருத்துவமனை எல்லாம் இருக்கும், ஏனென்றால் அவற்றை நடத்துவது அந்த 4 லட்சம் பேர் மட்டுமல்ல, சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்துதான். அதே 4 லட்சம் பேர் ஒரு மாநகரத்தின் விளிம்பில் இருந்தால் தூங்குவதற்கு மட்டும் வீடு, மற்ற எல்லாவற்றுக்கும் ரயில். பெயரளவில் இரண்டும் நடுத்தர நகரம்தான், வாழ்ந்து பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது.

அப்புறம், ஊரைப் பார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வியே தப்பு. நல்ல பள்ளி இருக்கிறதா, நல்ல மருத்துவமனை இருக்கிறதா, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும், அது உண்மையும்கூட. நீங்கள் கேட்க வேண்டியது, இரண்டாவது இருக்கிறதா என்று. மாநகரத்தில் நாம் கவனிக்காமலே அனுபவிக்கிற ஒன்று உண்டென்றால் அது இந்த இரண்டாவதும் மூன்றாவதும்தான். வீட்டில் வயதானவருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர நகரத்தில் அதற்கு ஒரு நிபுணர் இருப்பார், நல்லவராகவே இருப்பார், நோயாளியின் பழைய கோப்பைப் பார்க்காமலே போன முறை எந்த மருந்தை மாற்றினோம் என்று சொல்லக்கூடியவராகவும் இருப்பார். அவர் பத்து நாள் விடுமுறையில் போகும்போதுதான் தெரியும். அல்லது அவர் அறுவைச் சிகிச்சை வேண்டும் என்கிறார், உங்களுக்கு இன்னொருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. கேட்பதற்கு மூன்று மணி நேரம் பயணம் செய்ய வேண்டும், போய்விட்டு வந்தது அவருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாரோ என்ற சங்கடம் வேறு. பள்ளியும் அப்படித்தான்: வகுப்பில் ஒரு குழந்தைக்கும் உங்கள் மகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், மாற்றிச் சேர்க்க அதே தரத்தில் இன்னொரு பள்ளி இருக்கிறதா?

நேரத்துக்கு வருகிறேன். இங்கே உங்கள் அக்கா பக்கம்தான் நான். மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குச் சராசரியாக ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், வண்டியின் வேகம் கூடக்கூட ஊர்தான் அகலமாகிறது என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994-ல் எழுதினார். மாநகரத்தின் வெளிவட்டத்தில் வீடு பார்த்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி மிச்சமானால் நாளுக்கு ஒன்றரை மணி நேரம். வருடத்துக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 360 மணி நேரம், அதாவது இரவு பகலாக முழுசாக 15 நாள். ஆறு மணிக்கு வேலை முடித்து ஆறே காலுக்கு வீட்டில் இருக்கும் மனிதர் வேறு மாதிரி ஆகிவிடுகிறார். மகளோடு பேசுவதற்கு ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருப்பதில்லை, உடம்புக்கு ஒன்று என்றால் வாரக்கணக்கில் தள்ளிப்போடுவதில்லை, வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை போய்வருகிறார். ஆனால் ஒரு நிபந்தனை. பெருநகரத்தில் கிடைக்காத பெரிய வீடு இங்கே மலிவாகக் கிடைக்கிறதே என்ற ஆசையில் ஊருக்கு வெளியே பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இடம் பிடித்தீர்களானால் அந்த 15 நாளையும் நீங்களே திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். அங்கே பேருந்து அரைமணிக்கு ஒன்று வரும், ராத்திரி ஒன்பதுக்கு மேல் அதுவும் வராது. நடந்து போக முடியாத அளவுக்குப் பெரிசு, மெட்ரோ ஓடும் அளவுக்குப் பெரிசில்லை, இதுதான் இந்த ஊர்களின் போக்குவரத்துச் சங்கடம். பிரான்சின் ரென் நகரம் சுமார் இரண்டு லட்சம் பேரை வைத்துக்கொண்டு 2002-ல் மெட்ரோ ஓட்டிக் காட்டியது, ஆனால் அது அபூர்வம்.

சம்பளத்தைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலான ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஊர் இரண்டு மடங்கானால் மொத்தச் சம்பளம் இரண்டு மடங்குக்கும் கொஞ்சம் கூடுதலாக ஏறுகிறது. அதே போலக் குற்றமும் ஏறுகிறது. ஆக, பெரிய ஊரில் வருமானம் கூட என்பது உண்மை, அது சும்மா வருவதில்லை என்பதும் உண்மை. எது கூடுதலாகத் தேவை என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

நீங்கள் கேட்காத ஒன்று இருக்கிறது. அங்கே உங்களை எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்க்காமலே மருந்தை எடுத்து வைப்பார், மகள் மழையில் நின்றால் யாராவது ஒருவர் வண்டியை நிறுத்தி, இன்னாருடைய பெண்தானே நீ என்பார். இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. தனிமையில் வாடுகிறவருக்கு இது மருந்து. ஆனால் அதே தெரிதல்தான் வேலையை விட்டு வந்த அலுவலகத்தின் மேலாளரை ஒவ்வொரு விசேஷத்திலும் உங்கள் எதிரே உட்கார வைக்கும், வீட்டில் நடந்த சண்டை நாலு நாளில் வேறு வாயிலிருந்து உங்களிடமே திரும்பி வரும். மாநகரத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாமல் போவதில் ஒரு விடுதலை இருக்கிறது என்று சமூகவியலாளர் கியார்க் சிம்மல் 1903-லேயே சொன்னார். தனியாக வாழ முடிவெடுத்த பெண்ணுக்கும், மணமுறிவுக்குப் பிறகு மறுபடி தொடங்குகிறவருக்கும், ஊர் வழக்கத்துக்கு ஒத்துவராத மனம் கொண்ட இளைஞனுக்கும் அந்த விடுதலை மூச்சுக்காற்று. அவர்களிடம் போய் "சின்ன ஊர்தான் நிம்மதி" என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லை என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம். இருந்தால் இதுதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

கணவரின் நிறுவனம் எது என்றும் எழுதவில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அதே நிறுவனம்தான் சோறு போடுகிறதா? அப்படியென்றால் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில்தான் ஜெனரல் மோட்டார்ஸ் என்ற கார் நிறுவனம் 1908-ல் தொடங்கியது. 1960-ல் அங்கே ஏறக்குறைய 1,97,000 பேர் இருந்தார்கள், 2020 கணக்கெடுப்பில் 81,000 சொச்சம். தொழிற்சாலை போனால் வேலை மட்டும் போவதில்லை, வீட்டு விலையும் கூடவே விழுகிறது, விற்றுவிட்டுக் கிளம்பவும் முடியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவனும் பிலிப்ஸ் நிறுவனத்தை நம்பி வளர்ந்த ஊர்தான். 1990-களில் பிலிப்ஸ் ஆட்குறைப்பு செய்து தலைமை அலுவலகத்தையும் ஆம்ஸ்டர்டாமுக்கு மாற்றிக்கொண்டது, இதற்கு நடுவே 1993-ல் அதே ஊரின் டாஃப் லாரி நிறுவனம் திவாலானது. ஆனாலும் ஊர் எழுந்துவிட்டது, ஏனென்றால் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேயே இருந்தது, பிலிப்ஸும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய, கணினிச் சில்லு தயாரிக்கும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் பக்கத்து ஊரில் வளர்ந்துகொண்டிருந்தது. நான் சொன்ன இரண்டாவது ஒன்று என்பது அதுதான்.

இந்த ஊர்களை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. அவற்றை மாற்ற முடியும். நெதர்லாந்தின் குரோனிங்கன் 1977-ல் நகர மையத்தை நான்காகப் பிரித்து, ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குக் கார் நேராகப் போக முடியாதபடி செய்தது, சுற்றுச்சாலைக்குப் போய்த்தான் வர வேண்டும். கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். மாநகராட்சி அசையவில்லை. இன்றைக்கு அந்த ஊருக்குள் நடக்கும் பயணங்களில் பாதிக்கு மேல் சைக்கிளில். நடுத்தர நகரத்தில் ஒரு சாலையைப் பற்றிக் கூட்டம் போட்டால் அதிகாரி, கடைக்காரர், எதிர்ப்பவர் மூவருமே உங்களுக்குப் பேர் சொல்லித் தெரிந்தவர்களாக இருப்பார்கள், எழுந்து பேசினால் காதில் விழும். எனக்கு மனசு வலிப்பது, இந்த வசதியை வைத்துக்கொண்டே பல ஊர்கள் பெருநகரத்தைப் பார்த்துச் சூடு போட்டுக்கொள்வதுதான். மரத்தை வெட்டிச் சாலையை அகலமாக்கி, மேம்பாலம் கட்டி, மையத்தில் இருந்த நூலகத்தையும் அலுவலகங்களையும் புறநகருக்குத் துரத்திவிட்டு, அப்புறம் நெரிசல் நெரிசல் என்கிறார்கள். நீங்கள் போகும் ஊர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள். விடுமுறை நாளில் போகாதீர்கள், வேலை நாளில் போய், காலை எட்டரைக்குப் பேருந்தில் ஏறி, ராத்திரி ஒன்பதுக்குத் தெருவில் நடந்து பாருங்கள்.

மகளைப் பற்றிய கவலை கொஞ்சம் அதிகப்படி. பதினெட்டு வயதில் மேல்படிப்புக்கு அவள் எங்கேயிருந்தாலும் கிளம்பத்தான் போகிறாள். இப்போதைய நாலைந்து வருடத்தில் சைக்கிளில் தனியாகத் தோழி வீட்டுக்குப் போய்வரும் பெண்ணாக வளர்ந்தால் அதுவும் படிப்புத்தான். ஆனால் அவளிடம் கேட்டீர்களா? கடிதத்தில் அப்படித் தெரியவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது, உங்கள் வேலையைப் பற்றி ஒரு வரிக்கு மேல் நீங்கள் எழுதவில்லை. படித்த கணவனும் மனைவியும் ஏன் பெரிய ஊர்களிலேயே குவிகிறார்கள் என்று டோரா கோஸ்டா, மேத்யூ கான் என்ற பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவின் 1940 முதல் 1990 வரையிலான கணக்கை வைத்து 2000-ல் ஆராய்ந்தார்கள். இருவருக்கும் ஒரே ஊரில் தகுதிக்கேற்ற வேலை கிடைப்பது சின்ன ஊரில் கஷ்டம் என்பதை அவர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். கணவருக்கு உத்தரவு கையில் இருக்கிறது, மகளுக்குப் பள்ளி கிடைத்துவிடும், உங்களுக்கு? போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிய பல பெண்கள் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் தகுதிக்குக் குறைந்த வேலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள், வீட்டில் யாரும் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதும் இல்லை. அந்த ஊரில் தணிக்கை அலுவலகங்கள் எத்தனை என்று இந்த வாரமே விசாரியுங்கள். இருக்கிற வேலையைத் தொலைவிலிருந்தே செய்ய முடியுமா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். இந்த இரண்டுக்கும் பதில் வரும் வரை கணவர் கையெழுத்துப் போடாமல் இருக்கட்டும். இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறதே.