‘டிஃபால்ட் ஜாமீன்’ என்பதில் ‘டிஃபால்ட்’ யாருடையது?

செய்தே ஆக வேண்டிய ஒன்றை உரிய காலத்தில் செய்யாமல் விடுவதே ‘டிஃபால்ட்’. கடன் தவணையைக் கட்டத் தவறுவதும், வழக்கு விசாரணைக்கு வராமல் இருந்துவிடுவதும் இதில் அடங்கும். ‘டிஃபால்ட் ஜாமீன்’ என்னும்போது தவறியவர் கைதானவர் அல்லர். புலனாய்வு செய்யும் காவல்துறையே. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யப்படாவிட்டால், காவலில் இருப்பவர் விண்ணப்பித்து, ஜாமீன் நிபந்தனைகளை நிறைவேற்ற ஆயத்தமாக இருக்கும் நிலையில், குற்றச்சாட்டு வலுவானதா என்று ஆராயாமலேயே நீதிமன்றம் அவரை விடுவிக்க வேண்டும். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 167(2)ஆம் பிரிவாக இருந்த இந்த ஏற்பாடு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 187ஆம் பிரிவில் தொடர்கிறது. ஆனால், விண்ணப்பிப்பதற்கு முன்பே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் இந்த உரிமை அற்றுப்போகும். வழக்கறிஞர்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பது இதனால்தான்.