உடைந்த மியூ-2வுக்குப் பதிலாக எந்த ஃபிலிம் கேமரா?

கேள்வி: பல வருடங்களாகச் சட்டைப் பையிலேயே வைத்திருந்த ஒலிம்பஸ் மியூ-2 ஃபிலிம் கேமரா கீழே விழுந்துவிட்டது. மூடியைத் தள்ளித் திறந்தாலும் கேமராவில் அசைவே இல்லை. அதே மாடலைப் பழையதாக வாங்கலாமா, வேறு பார்க்கலாமா? பெரும்பாலும் குழந்தைகளையும் ஊர்ப் பயணங்களையும்தான் எடுப்பேன்.

பதில்: முதலில் புது சிஆர்123ஏ பேட்டரி ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் ஆசையை விட்டுவிடலாம். நீங்களே திருப்புளியை எடுத்துத் திறந்துவிடாதீர்கள். ஃபிளாஷ் கெப்பாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது சும்மா விடாது.

அதே மாடலை மறுபடி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 1997இல் வந்த கேமரா அது. 35 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் அருமையானது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோகஸ், ஷட்டர், ஃபிலிம் சுற்றுவது எல்லாம் சர்க்யூட்டையும் குட்டி மோட்டாரையும் நம்பி இருக்கின்றன. உதிரிபாகம் வேண்டுமென்றால் இன்னொரு செத்த மியூ-2வைத்தான் தேட வேண்டும். இவ்வளவுக்கும் பெயர் பரவியதில் விலை ஏறிக் கிடக்கிறது. காண்டாக்ஸ் டி2 பக்கம் போகவே வேண்டாம். விலை பல மடங்கு, வியாதி அதேதான்.

பையில் அடங்க வேண்டும் என்பதுதான் முக்கியமென்றால் என் தேர்வு ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2. மியூவைப் போலவே தள்ளித் திறக்கும் மூடி. ஃபிலிமைக் கட்டைவிரலால் சுற்ற வேண்டும்; ஆட்டோஃபோகஸ் கிடையாது. ஷட்டர் எலக்ட்ரானிக்தான் என்றாலும், பழுதாக மோட்டார் இல்லை. அருகில், நடுவில், தொலைவில் என்று மூன்றே தூரம். மூடியை மூடினால் தானாக நடுவுக்கு வந்துவிடும், பயணப் படங்களுக்கு அதுவே போதும்.

குழந்தைகள் ஓரிடத்தில் நிற்பதில்லை, ஆட்டோஃபோகஸ் இல்லாமல் முடியாது என்றால் 1983இல் வந்த நிக்கான் எல்35ஏஎஃப். பருமன்தான், பைக்குள் போகாது. ஆனால் பெட்டிக்கடையில் கிடைக்கும் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், லென்ஸும் மியூவுக்குச் சளைத்ததல்ல.

பேட்டரியே வேண்டாம் என்பவர்களுக்கு ஒலிம்பஸ் ட்ரிப் 35. லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் செல் வெளிச்சத்திலேயே இயங்கும். வாங்குமுன் லென்ஸ் வளையத்தை ‘ஏ’யில் (ஆட்டோ) வைத்து, லென்ஸைக் கையால் மூடி, பட்டனை அழுத்துங்கள். வ்யூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழுந்து ஷட்டர் மறுக்க வேண்டும். இருட்டிலும் அடித்தால் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரோ அதன் இயக்கமோ பழுது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

புதிதாகவே வேண்டுமென்றால் 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. 36 பட ரோலில் 72 படம் விழும். ஆனால் ஒவ்வொன்றும் பாதி அளவு, கேமராவை நேராகப் பிடித்தால் படம் நெட்டையாக வரும். வாரன்டி இருக்கிறது என்பதற்காக நான் இதை யோசிப்பேன், படத் தரத்துக்காக அல்ல.

எதை வாங்கினாலும் பின்மூடியைத் திறந்து, ஷட்டர் அடிக்கும்போது லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. கடலோர ஊர்களில் பீரோவிலேயே கிடந்த கேமராக்களில் இது சகஜம். பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா, கதவோரக் கறுப்பு ஃபோம் பிசுபிசுக்கிறதா என்றும் பாருங்கள். ஃபோம் சில்லறைச் செலவு, மாற்றிவிடலாம். ஃபங்கஸ் இருந்தால் பேரமே வேண்டாம்.

முதல் ரோலை வீட்டைச் சுற்றியே எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டு, அடுத்த ரோலோடு ஊருக்குக் கிளம்புங்கள்.