டெக்சாஸில் இவ்வளவு எண்ணெய் எடுத்தும் பம்பில் பெட்ரோல் விலை ஏன் குறையவில்லை?

உள்ளூரில் எடுத்தாலும் அதற்கு உலகச் சந்தை விலைதான். கச்சா எண்ணெய் உற்பத்தியில் அமெரிக்கா முதலிடம், அப்படியும் ஏன் இந்த விலை என்கிறீர்கள். எடுப்பவை தனியார் நிறுவனங்கள். 2015 டிசம்பரில் ஏற்றுமதித் தடை நீங்கியதிலிருந்து, வெளியே கூடுதல் விலை கிடைத்தால் கப்பலேற்றிவிடுவார்கள். உக்ரைன் போர் தொடங்கிய 2022இல், ஜூன் மாதம் சராசரி விலை கேலனுக்கு 5 டாலரைத் தாண்டியது.

அப்புறம், மெக்சிகோ வளைகுடாக் கரை ஆலைகள் பல, கந்தகம் மிகுந்த கெட்டி எண்ணெய்க்காகக் கட்டியவை. டெக்சாஸில் பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் ஷேல் எண்ணெயோ இலகுவானது. அதனால் இறக்குமதியும் நிற்பதில்லை.

ஒரு பேரல் 42 கேலன். உலகச் சந்தை விலைக்கு அளவுகோலான பிரெண்ட் கச்சா எண்ணெய் பேரலுக்கு 10 டாலர் ஏறினால் கேலனுக்குச் சுமார் 24 சென்ட். அடுத்த சில வாரங்கள் பம்பில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கலிஃபோர்னியா என்றால் இந்தக் கணக்கு மட்டும் போதாது. அங்கே வரியும் அதிகம், பெட்ரோல் கலவையும் தனி.