மைண்ட் மேப் வரைந்தால் வரலாறு மனதில் நிற்குமா? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தாளில் கலர் கலராக வட்டம் போட்டுக்கொண்டிருக்கிறாள், கேட்டால் மைண்ட் மேப் என்கிறாள், இதனால் மார்க் வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிளஸ் ஒன்னில் வரலாறு, பொருளாதாரம் மாதிரியான பாடங்கள் உள்ள ஹியூமானிட்டீஸ் குரூப்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது இன்னொரு கவலை.

முதலில் மைண்ட் மேப், அதாவது ஒரு விஷயத்தை நடுவில் எழுதி, தொடர்புள்ளவற்றைச் சுற்றிலும் கோடு போட்டு இணைக்கும் படம். உதவும், தாராளமாக வரையட்டும். உலகமயமாக்கலின் வரலாறு மாதிரியான பாடத்துக்கு அது மிகவும் பொருத்தமான வழி. ஒரு நாட்டில் நடப்பதற்கான காரணம் எங்கோ வேறொரு கண்டத்தில் இருக்கும். வரி வரியாகப் படித்துக்கொண்டு போனால் காரணம் ஒரு பக்கத்திலும் விளைவு பத்துப் பக்கம் தள்ளியும் கிடக்கும். ஒரே தாளில் வரைந்தால் இரண்டும் சேர்ந்து கண்ணில் படும்.

ஆனால் நீங்கள் அனுப்பிய அவளுடைய தாளில் அந்தத் தொடர்பு இல்லை. நடுவில் ‘உலகமயமாக்கல்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறாள். சுற்றிலும் பட்டுப்பாதை, கொலம்பஸ், தானியச் சட்டங்கள், ஒப்பந்தக் கூலிகள், பெருமந்தம், பிரெட்டன் வுட்ஸ் என்று வட்டங்கள். நடுவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பாடத்தின் உள்தலைப்புகளை வட்டமாகச் சுற்றி எழுதியிருக்கிறாள், அவ்வளவுதான். கோடுகள் வெறுமையாக இருக்கின்றன. இந்தப் பாடத்தின் உயிரே அந்தக் கோடுகளில்தான் இருக்கிறது.

அடுத்த முறை நடுவில் ஒரே ஒரு சம்பவத்தை வைக்கச் சொல்லுங்கள். உதாரணத்துக்கு, பிரிட்டன் 1846-இல் தானியச் சட்டங்களை நீக்கியது. வெளிநாட்டுத் தானியத்தின் இறக்குமதியைத் தடுத்து, உள்நாட்டு நிலக்கிழார்களைக் காப்பாற்றிய சட்டங்கள் அவை. ஏன் நீக்கினார்கள்? நடு வட்டத்துக்கு இடப்பக்கம் காரணங்கள் வரட்டும். ரொட்டி விலை ஏறியதால் ஆலை முதலாளிகளும் நகரவாசிகளும் எதிர்த்தார்கள். 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். சட்டத்தை நீக்கும் முடிவை அந்தப் பஞ்சம் விரைவுபடுத்தியது.

இங்கே அவளை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: அயர்லாந்துக்கு உருளைக்கிழங்கு எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவிலிருந்து. கொலம்பஸுக்குப் பிறகுதான் ஐரோப்பா அந்தக் கிழங்கையே பார்த்தது. ஏழை அயர்லாந்துக்காரர்கள் அதை நம்பியே வாழ்ந்ததால்தான் ஒரு பயிர்நோய் அத்தனை உயிர்களைக் கொண்டுபோனது. அவளுடைய பழைய தாளில் கொலம்பஸ் ஒரு மூலையிலும் தானியச் சட்டங்கள் எதிர்மூலையிலும் இருக்கின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ‘உருளைக்கிழங்கு’ என்று எழுதிவிட்டால் 350 வருடக் கதை அவளுக்குப் பிடிபட்டுவிடும். இப்படி ஒரு குறுக்குக்கோட்டைப் பிள்ளை தானாகவே கண்டுபிடித்துவிட்டால், அந்தப் பாடத்தை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டாள்.

வலப்பக்கம் விளைவுகள். மலிவான வெளிநாட்டுத் தானியம் வந்து இறங்கியது, போட்டி போட முடியாமல் பிரிட்டனில் நிலங்கள் தரிசாகின, வேலை இழந்தவர்கள் நகரங்களுக்கும் கடல் தாண்டியும் போனார்கள். பிரிட்டனுக்கு அனுப்பும் தானியத்துக்காக ரஷ்யாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் காடு அழித்துப் பயிரிட்டார்கள். விளைந்ததைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர ரயில் பாதை வேண்டியிருந்தது, அதற்கு லண்டனிலிருந்து மூலதனம் போனது. 19-ஆம் நூற்றாண்டில் சுமார் 5 கோடி ஐரோப்பியர்கள் புலம்பெயர்ந்தார்கள். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு வினைச்சொல் இருக்க வேண்டும்: குறைத்தது, விரட்டியது, இழுத்தது, தேவைப்பட்டது. வினைச்சொல் வைக்க முடியாத கோட்டை அழித்துவிடட்டும்.

இன்னொரு தாளில் ‘கூலியாள் பற்றாக்குறை’யை நடுவில் வைக்கலாம். ஒரு கிளை ஆப்பிரிக்காவுக்கு. அங்கே மக்களிடம் நிலமும் மாடும் இருந்ததால் கூலிக்குப் போக வேண்டிய தேவை இல்லை. 1880-களின் கடைசியில் ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டு வெக்கை நோய் கிழக்கு ஆப்பிரிக்காவில் நுழைந்து, கண்டம் முழுக்கப் பரவி மந்தைகளை அழித்தது. மாடு போனவர்கள் ஐரோப்பியர்களின் சுரங்கத்துக்கும் தோட்டத்துக்கும் போக வேண்டியதாயிற்று. இன்னொரு கிளை மொரிஷியஸுக்கு. அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தை பிரிட்டன் 1833-இல் நிறைவேற்றியது. 1834-லேயே கரும்புத் தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள், அதாவது குறிப்பிட்ட வருடங்கள் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டவர்கள், வந்து இறங்கினார்கள். பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் போனதைப் போலவே, தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்தும் போனார்கள். இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிகள் என்ற மேஸ்திரிகள் ஆள் திரட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் குடும்பத்திலோ ஊரிலோ அப்படிப் போனவர்கள் இருந்தால் அவர்களையும் அந்தத் தாளில் ஒரு ஓரமாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

வரைந்து முடித்ததோடு வேலை முடியாது. மறுநாள் புத்தகத்தையும் பழைய தாளையும் மூடி வைத்துவிட்டு, வெற்றுத் தாளில் ஞாபகத்திலிருந்து திரும்ப வரைய வேண்டும். அப்புறம் பழைய தாளை எடுத்து ஒப்பிட்டு, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்க வேண்டும். சிவப்பாக இருப்பதுதான் அன்றைக்குப் படிக்க வேண்டியது. கலர் பேனாவுக்கு இந்த ஒரு வேலை போதும். பூவேலைப்பாட்டில் நேரம் போவதைப் பார்த்தால் நீங்கள் தடுக்கலாம், தப்பில்லை. ஆப் எதுவும் வாங்கித் தர வேண்டாம், ஏ4 தாளைக் குறுக்குவாட்டில் வைத்தால் போதும்.

மார்க் வருவது விடைத்தாளில் எழுதும் வாக்கியத்துக்குத்தான். அதனால் ஒவ்வொரு தாளிலிருந்தும் ஒரு கிளையை எடுத்து, கோட்டுக்கு ஒரு வாக்கியமாக ஐந்து மார்க் விடை எழுதிப் பார்க்கட்டும். இந்தப் பாடத்தில் எந்தப் பகுதி பொதுத்தேர்வுக்கு, எந்தப் பகுதி ப்ராஜெக்டுக்கு என்பதைப் பள்ளியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, குரூப் விஷயம். பிள்ளைக்கு உண்மையாகவே ஆர்வம் இருந்தால் ஹியூமானிட்டீஸ் எடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. சட்டப் படிப்புக்கான கிளாட் தேர்வை எந்த குரூப் படித்தவரும் எழுதலாம். சிவில் சர்வீஸ் மெயின்ஸ் தேர்வின் பொது அறிவு முதல் தாளில் 18-ஆம் நூற்றாண்டு முதலான உலக வரலாறும், இந்தியச் சமூகத்தில் உலகமயமாக்கலின் தாக்கமும் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன. ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். உங்கள் மகள் ரசித்துப் படிக்கும் இந்தப் பாடம் பாதி வரலாறு என்றால் பாதி பொருளாதாரம். நாளைக்கு அவள் பொருளாதாரத்தில் பட்டம் படிக்க விரும்பினால், டெல்லி பல்கலைக்கழகம் உட்படப் பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் கேட்பார்கள். வரலாறு, பொருளாதாரம், கணிதம் மூன்றும் சேர்ந்து கிடைக்கிற பள்ளி உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். கணிதத்தில் அவள் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. அதையும், அவளுடைய புதிய தாளையும் அனுப்பினால் அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவோம்.