பெல்லட் ஏன் நொறுங்குகிறது?

கேள்வி: மேக்னடைட் என்ற, காந்தத்தில் ஒட்டும் இரும்புத் தாதுவின் தூளை உருட்டிச் செய்த பெல்லட்டை 1,250 டிகிரிக்கு மேல் சுட்டும், நசுக்கிப் பார்த்தால் 150 கிலோவிலேயே உடைகிறது. சூட்டை இன்னும் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள். முதலில் உடைந்த பெல்லட் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே சிவப்புத் தோல், உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு கரு, இரண்டுக்கும் நடுவே வளையமாக ஒரு விரிசல் இருக்கிறதா? கருவைப் பொடித்துக் காந்தம் காட்டுங்கள். விறுவிறுவென்று ஒட்டினால் அது இன்னும் மேக்னடைட்டாகவே இருக்கிறது. அவசரமாகச் சுட்ட செங்கல்லின் நடுவில் கருப்பு நிற்குமே, அதே அரைவேக்காடுதான்.

மேக்னடைட் ஆக்சிஜனை வாங்கி ஹெமடைட் என்ற சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாற வேண்டும், அந்தப் புதிய ஹெமடைட் துகள்கள் 1,250 டிகிரியை ஒட்டி வளர்ந்து ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்வதால்தான் பெல்லட்டுக்கு வலு வருகிறது, உருட்டும்போது சேர்க்கும் பென்டோனைட் களிமண்ணால் அல்ல; அது சுடாத பச்சை உருண்டை உதிராமல் சூளை வரை வந்து சேரத்தான். இந்த மாற்றம் பெரும்பாலும் 900, 1,000 டிகிரி முன்சூட்டிலேயே நடந்து முடிய வேண்டும். அங்கே நேரம் கொடுக்காமல் தள்ளிவிட்டால், வெளித்தோல் இறுகி நுண்துளைகள் அடைபட்டு, ஆக்சிஜன் உள்ளே போக வழியில்லாமல் போகிறது. அப்புறம் கரு ஒரு மாதிரியும் தோல் வேறு மாதிரியும் சுருங்க, நடுவில் விரிசல் விழுகிறது. தாதுவை இரும்பாக்கும் ஊதுலைக்குப் போகிற பெல்லட் சுமார் 250 கிலோவாவது தாங்க வேண்டும், இந்த விரிசலோடு அது நடக்காது. ஆகவே முன்சூட்டை மெதுவாக்குங்கள், அங்கே வரும் காற்றில் ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1,350ஐத் தாண்டிப் போனால் ஹெமடைட்டே ஆக்சிஜனை விட்டு மறுபடி மேக்னடைட்டாகத் தொடங்கும், கசடும் உருகி பெல்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுட்டு முடித்ததும் சட்டென்று குளிர்ந்த காற்றை அடிப்பதும் தவறு, நன்றாக வெந்த பெல்லட்டையே அது கீறிவிடும்.

கேள்வி: ஹெமடைட் தாதுவுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை. மேக்னடைட் மாறும்போது தானே வெப்பம் தருகிறது, ஹெமடைட்டுக்கு அந்தத் துணை கிடையாது. கர்நாடகத்தின் குத்ரேமுக்கில் 2005 கடைசியோடு சுரங்கம் நின்றபோது, அங்கிருந்து வந்த மேக்னடைட்டை நம்பிக் கட்டிய மங்களூர் பெல்லட் ஆலை ஹெமடைட்டுக்கு மாற வேண்டியிருந்தது. ஹெமடைட்டுக்குச் சூடு அதிகம் வேண்டும், 1,300ஐ ஒட்டிப் போக வேண்டியிருக்கும், அதனால் கோக் என்ற, நிலக்கரியைச் சுட்டு எடுத்த கரியின் தூளைக் கொஞ்சம் கலந்து உருட்டி உள்ளிருந்தும் எரிய வைக்கிறார்கள். கொஞ்சம் என்றால் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான். அதற்கு மேல் போட்டால் அந்தக் கரியே உள்ளிருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ஹெமடைட் பெல்லட்டிலும் கருப்புக் கரு வந்துவிடும். காந்தத்தைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.