பரிணாமத்தைக் கண்டறிந்தவரே ஆவியை நம்பினால் என்ன செய்வது?

கேள்வி இதுதான்: "டார்வினோடு சேர்ந்து இயற்கைத் தேர்வைக் கண்டறிந்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ், இறந்தவர்களின் ஆவியோடு பேச முடியும் என்று நம்பினாராமே? மனித மூளைக்குப் பரிணாமம் பொருந்தாது என்றும் சொன்னாராமே? அப்படிப்பட்டவரை விஞ்ஞானி என்று எப்படி ஏற்பது?"

இரண்டும் உண்மைதான். தளர்ந்த வயதில் வந்த நம்பிக்கை என்றும் ஒதுக்க முடியாது. 1865 ஜூலையில், 42 வயதில், ஒரு நண்பர் வீட்டில் நடந்த ஆவி அழைக்கும் கூட்டத்தில் முதன்முதலாகப் போய் உட்கார்ந்தார். 1913 நவம்பரில் 90 வயதில் கண்ணை மூடும்வரை அந்த நம்பிக்கை அவரை விட்டுப் போகவில்லை. அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார், நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், சக விஞ்ஞானிகளை வந்து பாருங்கள் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள். பல வருடங்களாக இந்தப் பகுதியை வகுப்பில் தொடாமல் தாண்டிப் போயிருக்கிறேன். வாலஸ் மலாய்த் தீவுகளுக்குப் போனார், காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு (சூழலுக்குப் பொருந்தும் உயிர்கள் பிழைத்துப் பெருகும், அப்படியே இனங்கள் மாறும் என்பது) பற்றிய எண்ணம் வந்தது, டார்வினுக்குக் கடிதம் எழுதினார், அவ்வளவோடு நிறுத்திவிடுவேன். ஒருநாள் ஒரு மாணவி வகுப்பு முடிந்த பிறகு வந்து, "இவர் ஆவி நம்பிக்கைக்காரர் என்று படித்தேன், நீங்கள் ஏன் மேடம் சொல்லவில்லை?" என்று கேட்டாள். அவள் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அப்புறம்தான் வாலஸை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன். எனக்கு ஆவியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இவர் ஏன் நம்பினார் என்பது எனக்கு இப்போது புரிகிறது என்று நினைக்கிறேன்.

1844க்குப் போக வேண்டும். வாலஸுக்கு 21 வயது. 14 வயதோடு பள்ளிப் படிப்பை விட்டு, அண்ணனோடு நில அளவை வேலை செய்தவர், அந்த வருடம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்திருந்தார். ஊருக்கு வந்த ஒருவர் மெஸ்மரிசம், அதாவது ஆளை மயக்க நிலைக்குக் கொண்டுபோகும் வித்தை பற்றிப் பேசி, மேடையிலேயே செய்தும் காட்டினார். யார் வேண்டுமானாலும் இதைப் பழகலாம் என்றார். வாலஸ் தன் மாணவர்கள் சிலரை வைத்துத் தானே செய்து பார்த்தார். ஒரு பையனின் கை விறைத்து நின்றது. அன்றைய மருத்துவர்களில் பெரும்பாலோர் இதெல்லாம் பித்தலாட்டம் என்றார்கள். வாலஸுக்கு அது பித்தலாட்டம் இல்லை என்று தெரியும், ஏனென்றால் செய்தது அவரே. பின்னாளில் ஹிப்னாடிசம் என்ற பெயரில் மருத்துவ உலகம் அதை ஏற்றுக்கொண்டபோது, அன்று மறுத்தவர்கள் எல்லாம் நேரில் பாராமலே மறுத்தவர்கள் என்ற எண்ணம் அவருக்குள் ஆணி அடித்தாற்போல் பதிந்துவிட்டது. ஆவி விஷயத்தில் தன்னை எதிர்த்தவர்களிடமும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார்: நான் பார்த்தேன், நீங்கள் பார்க்கவில்லை.

இதே குணம்தான் காட்டில் அவரைப் பெரிய ஆளாக்கியது. பணமோ பட்டமோ இல்லாமல் 1848இல் அமேசானுக்குப் போனார். பூச்சி, பறவைகளைப் பிடித்து லண்டனில் ஒரு முகவர் மூலம் விற்றுத்தான் பிழைப்பு. நான்கு வருடம் கழித்துத் திரும்பும்போது, 1852 ஆகஸ்ட் 6 அன்று, நடுக்கடலில் கப்பல் தீப்பிடித்தது. கூடவே கொண்டுவந்த சேகரிப்பும் குறிப்பேடுகளில் பெரும்பகுதியும் கண்முன்னே எரிந்தன. பத்து நாள் திறந்த படகில் கிடந்த பிறகுதான் இன்னொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. கரையேறிய அதே வருடம் டிசம்பரில் அமேசான் குரங்குகளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். பெரிய ஆறுகளின் இந்தக் கரையில் ஒரு குரங்கினம், அந்தக் கரையில் அதற்கு நெருங்கிய வேறொன்று என்று அதில் காட்டினார். கூடவே ஒரு குறையும் சொன்னார்: அருங்காட்சியகங்களில் ஒவ்வொரு மாதிரியின் மேலும் "பிரேசில்", "தென் அமெரிக்கா" என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள், ஆற்றின் எந்தக் கரை என்று தெரியாவிட்டால் அந்தச் சீட்டால் என்ன பிரயோஜனம்?

சீட்டு என்று நான் சொல்வதை, பூச்சி சேகரித்தவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். வண்டு ஒன்றை ஊசியில் குத்தி வைத்தால் வேலை முடிந்துவிடாது. அதற்குக் கீழே, விரல்நகத்தைவிடச் சிறிய காகிதத்தில் இடத்தின் பெயர் இருக்க வேண்டும். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் வாலஸ் சேர்த்த மாதிரிகள் 1,25,000க்கு மேல். அவருடைய வண்டுகளின் கீழே வட்டமாக வெட்டிய சின்னச் சீட்டில் தீவின் பெயரைச் சுருக்கி எழுதியிருப்பார். அந்தச் சீட்டுகள் இருந்ததால்தான் பாலிக்கும் லொம்பொக்குக்கும் இடையில் உள்ள குறுகிய நீரிணையில் ஆசிய விலங்குகள் முடிந்து ஆஸ்திரேலிய வகைகள் தொடங்குவதை அவரால் சொல்ல முடிந்தது. இன்றும் அதற்கு வாலஸ் கோடு என்றே பெயர். 1858இல் டெர்னாட்டே தீவிலிருந்து டார்வினுக்கு அனுப்பிய கட்டுரையும் இந்த உழைப்பிலிருந்து வந்ததுதான். அந்த வருடம் ஜூலை 1 அன்று லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிஞர்கள் சங்கத்தில் இருவருடைய எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன.

சரி, இப்போது ஆவிக் கூட்டத்துக்கு வருவோம். வாலஸின் அக்கா வீட்டில் தங்கியிருந்த ஒரு இளம்பெண் ஆவி ஊடகமாக, அதாவது ஆவிகளோடு தொடர்பு கொள்பவராகப் பேர் வாங்கிக்கொண்டிருந்தார். ஒரு குளிர்கால இரவில் அவரை வைத்து ஒரு கூட்டம். விளக்கை அணைத்திருந்த நேரத்தில் மேசை மேல் பூக்கள் வந்து விழுந்தன. வாலஸ் என்ன செய்தார் தெரியுமா? எண்ணினார். சாமந்தி 15, பல நிற அனிமோன் 6, துலிப் 4, ஆரஞ்சு நிறக் காய் வைத்த செடி 5, இரண்டு வகைப் பெரணி 6, ஒன்பது பூ வைத்த ஆரிக்குலா 1, ஆக மொத்தம் 37 காம்புகள். எல்லாவற்றின் மேலும் குளிர்ந்த பனித்துளி, ஒரு இதழும் கசங்கவில்லை. சூடான அறையில் மணிக்கணக்காக ஒளித்து வைத்திருந்தால் இப்படிப் புதிதாக இருக்குமா என்று அவர் கேட்டார்.

இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இது மூடநம்பிக்கைக்காரர் எழுதும் பட்டியல் இல்லை. காட்டில் கூடாரத்துக்குத் திரும்பிய சேகரிப்பாளர் அன்றைய கணக்கை எழுதுவது போல எழுதியிருக்கிறார். கவனம் அதே கவனம், நேர்மை அதே நேர்மை. வித்தியாசம் எதிரே இருப்பதில்தான். வண்டு தன்னைக் கவனிக்கிறவரை ஏமாற்றத் திட்டம் போடாது. இலை மாதிரியே இருக்கும் பட்டாம்பூச்சிகூட வாலஸ் என்கிற ஆளை நினைத்து வேடம் போட்டதில்லை. ஆயிரம் தடவை பார்த்தால் ஆயிரம் தடவையும் ஒரே மாதிரிதான் இருக்கும். மனிதர் அப்படி இல்லை. எங்கே பார்க்கிறாய், எதை எதிர்பார்க்கிறாய், எப்போது அசருகிறாய் என்று மனிதர் திருப்பிக் கவனிப்பார். பூவை எண்ணத் தெரிந்தவருக்கு, இருட்டில் கைகள் என்ன செய்கின்றன என்று கணக்கு வைக்க வழியில்லை. அதைச் செய்யத் தகுதியானவர் மேஜிக் செய்து பிழைப்பவர்.

இதில் நான் அவரைக் குறைத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் நானும் இதில் அடிபட்டவள். முதுகலை படிக்கும்போது பட்டாம்பூச்சிக் கணக்கெடுப்பில் ஒரு அரிய இனத்தை நான்கு தடவை பார்த்ததாகக் குறித்து வைத்திருந்தேன். அது அங்கே இருக்கும் என்று முன்பே படித்திருந்தேன். என் வழிகாட்டி கேட்டது ஒரே கேள்வி: "கூட வந்தவரும் பார்த்தாரா?" இல்லை. அடுத்த வாரம் இருவராகப் போனோம். நான் "அதோ" என்று காட்டியது ஒவ்வொரு முறையும் சாதாரணமான வேறொரு இனம், இறக்கை வெயிலில் விரியும் கோணத்தால் அப்படித் தெரிந்திருக்கிறது. நான் பொய் சொல்லவே இல்லை. பார்த்தேன் என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

கேள்வியின் இரண்டாவது பாதிக்கு வருகிறேன், எனக்கு அதுதான் இன்னும் முக்கியம். 1869இல் வாலஸ் ஒரு கட்டுரையில், மனித மூளையை இயற்கைத் தேர்வு மட்டும் உண்டாக்கியிருக்க முடியாது, மேலான ஓர் அறிவு அதை வழிநடத்தியிருக்க வேண்டும் என்று எழுதினார். டார்வின் தன் பிரதியின் ஓரத்தில் "இல்லை" என்று எழுதி, பல கோடுகள் இழுத்து, ஆச்சரியக்குறிகள் போட்டார். பலரும் இதை ஆவி நம்பிக்கையின் விளைவு என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் வைத்த வாதத்தைப் பாருங்கள்.

அந்தக் காலத்து ஐரோப்பிய அறிஞர்கள் பலர் மண்டையோட்டை அளந்து, எந்த இனம் மேல், எந்த இனம் கீழ் என்று தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாலஸ் அமேசான் ஆற்றங்கரை மக்களோடும், போர்னியோவின் தயாக் மக்களோடும், ஆரு தீவுக்காரர்களோடும் வருடக்கணக்கில் தங்கி, அவர்களை நம்பி வாழ்ந்தவர். சரவாக்கிலிருந்து கூடவே வந்த அலி என்ற இளைஞர் இல்லாமல் அந்தச் சேகரிப்பில் ஒரு பெரும்பகுதி இருந்திருக்காது. அந்த மக்களின் மூளை எந்த ஐரோப்பியத் தத்துவவாதியின் மூளைக்கும் குறைந்ததில்லை என்பதை அவர் நேரில் அறிந்திருந்தார். அதிலிருந்துதான் அவர் கேள்வி பிறந்தது: இயற்கைத் தேர்வு அன்றைய பிழைப்புக்குத் தேவையானதை மட்டுமே தரும். உயர்கணிதமும் பெரிய இசையும் தேவைப்படாத வாழ்க்கையில், அவற்றைச் செய்யக்கூடிய மூளை முன்கூட்டியே எப்படி வந்தது?

கேள்வி சரியானது, விடைதான் தவறியது. வாலஸ் உடலின் ஒவ்வொரு அம்சத்துக்கும் ஒரு நேரடிப் பயன் இருந்தே ஆக வேண்டும் என்று நினைத்தார். டார்வின் அவ்வளவு கறாராக இல்லை. ஒன்று வளரும்போது கூடவே இன்னொன்றும் வளரலாம், ஒரு வேலைக்கு வந்த உறுப்பு வேறு வேலைக்கும் உதவலாம் என்று இடம் விட்டிருந்தார். கூட்டமாக வாழவும் பேசவும் தடம் பார்த்து வேட்டையாடவும் வளர்ந்த மூளை, கணிதத்தையும் சுமக்கலாம். அதாவது வாலஸ் இயற்கைத் தேர்வில் நம்பிக்கை இழந்ததால் விலகவில்லை. டார்வினைவிடக் கடுமையாக நம்பியதால், அது உடையும் இடம் என்று தோன்றியதும் வேறு காரணம் தேடினார். இதை வகுப்பில் சொல்லும்போதுதான் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

1876இல் ஹென்றி ஸ்லேடு என்ற அமெரிக்க ஆவி ஊடகக்காரர் மேல் லண்டனில் ஒரு இளம் விலங்கியலாளர் வழக்குப் போட்டார். சிலேட்டுப் பலகையில் ஆவி எழுதுகிறது என்று காசு வாங்கினார் ஸ்லேடு. ஆவி எழுத வேண்டிய நேரத்துக்கு முன்பே சிலேட்டில் எழுத்து இருந்ததைப் பிடித்துவிட்டார்கள். வாலஸ் ஸ்லேடு பக்கம் சாட்சி சொன்னார். டார்வின் வழக்குப் போட்டவர் பக்கம் செலவுக்கு 10 பவுண்டு அனுப்பினார்.

ஆனால் அதோடு உறவு முறியவில்லை. வாலஸுக்குக் கடைசிவரை நிலையான வேலை கிடைக்கவில்லை, முதலீடுகளிலும் பணம் போனது. அவருக்கு அரசு ஓய்வூதியம் வாங்கித்தர டார்வின் முயன்றபோது, டார்வினின் நண்பரான தாவரவியலாளர் ஹூக்கர் முதலில் மறுத்தார். ஆவி விவகாரம் அவருக்குப் பெரிய உறுத்தல். டார்வின் விடவில்லை. ஹூக்கரும் மனம் மாறினார். 1881இல் வருடத்துக்கு 200 பவுண்டு கிடைத்தது. அடுத்த வருடம் டார்வின் இறந்தபோது அவருடைய சவப்பெட்டிக்குத் துணையாக நடந்தவர்களில் வாலஸும் ஒருவர்.

ஆவியை நம்பினாரே, மற்ற எல்லாவற்றிலும் இப்படித்தானா என்று கேட்டால், இல்லை. அம்மைத் தடுப்பூசியை எதிர்த்தது பெரிய தவறு, அதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் பூமி தட்டை என்று பந்தயம் கட்டியவரை 1870இல் ஒரு நேரான கால்வாயில் தொலைநோக்கி வைத்து அளந்து தோற்கடித்தவரும் இவரே. செவ்வாயில் அறிவுள்ளவர்கள் கால்வாய் வெட்டியிருக்கிறார்கள் என்று ஒரு வானியலாளர் எழுதியபோது, 84 வயதில் உட்கார்ந்து, அங்கே உள்ள குளிரில் தண்ணீர் தண்ணீராக நிற்காது என்று மறுத்துப் புத்தகம் எழுதினார். அளந்து பார்க்க முடிந்த இடங்களில் அவர் கை மிகவும் உறுதியானது.

இப்போது வகுப்பில் வண்டுச் சீட்டையும் 37 காம்புப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போடுகிறேன். முதலாவதை இன்னொருவர் அதே தீவுக்குப் போய்ச் சரிபார்க்கலாம், இரண்டாவதை எப்படிச் சரிபார்ப்பது என்று கேட்கிறேன். மாணவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது. அன்று கேட்ட அந்த மாணவிக்கு நான் சொன்ன பதிலும் இதே பாதையில்தான் போனது. 1889இல், டார்வின் இறந்து ஏழு வருடம் கழித்து, இயற்கைத் தேர்வை விளக்கி வாலஸ் எழுதிய பெரிய புத்தகத்துக்குத் தன் பெயரில் எதுவும் வைக்காமல் "டார்வினிசம்" என்று பெயர் வைத்தார் என்றேன். அதன் கடைசி அத்தியாயத்தில், மனித மனம் மட்டும் ஆவி உலகத்திலிருந்து வந்தது என்று எழுதியிருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவள் புத்தகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.