லண்டனில் ஒரு நாள், கையில் 300 பவுண்டு: பாஸ் எடுப்பதா, ரொக்கமாகக் கொண்டுபோவதா?

கேள்வி: நானும் என் மனைவியும் அடுத்த மாதம் லண்டன் வழியாகப் பயணம் செய்கிறோம். ஊர் சுற்றிப் பார்க்க ஒரே ஒரு முழு நாள்தான் கிடைக்கிறது. தங்கும் செலவு போக அந்த நாளுக்கென்று 300 பவுண்டு ஒதுக்கியிருக்கிறோம். எல்லா இடங்களுக்கும் சேர்த்து ஒரே சுற்றுலா பாஸாக வாங்கிவிட்டால் லாபம் என்கிறார் மனைவி. மொத்தப் பணத்தையும் கிளம்புவதற்கு முன்பே பவுண்டாக மாற்றிக் கையில் கொண்டுபோய்விடலாம், கார்டு என்றால் கட்டணம் என்ற பெயரில் உருவிவிடுவார்கள் என்பது என் எண்ணம். யார் சொல்வது சரி?

பதில்: இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு 300 பவுண்டு தாராளமாகப் போதும். அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். ஆனால் பாஸும் வேண்டாம், முழு ரொக்கமும் வேண்டாம் என்பதுதான் என் பதில்.

பாஸ் விற்பவர்கள் நான்கைந்து இடங்களின் நுழைவுக் கட்டணத்தைக் கூட்டிக் காட்டி, "இவ்வளவு மிச்சம்" என்பார்கள். கூட்டல் சரிதான். உங்கள் நாள்தான் அவ்வளவு நீளம் கிடையாது. லண்டன் கோபுரக் கோட்டையை (டவர் ஆஃப் லண்டன்) எடுத்துக்கொள்ளுங்கள். கோகினூர் வைரம் பதித்த கிரீடம் இருக்கும் நகைக்கூடத்துக்கு வரிசையில் நின்று, மதில்மேல் ஒரு சுற்று வந்து வெளியேறவே மூன்று மணி நேரம் ஓடிவிடும். வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்துக்கு இரண்டு மணி நேரம். நடுவில் ரயில், சாப்பாடு, கொஞ்சம் உட்கார்ந்து கால் ஆற ஓர் இடம். கட்டணம் கட்டிப் பார்க்கும் இடங்கள் ஒரு நாளில் இரண்டுக்கு மேல் தாங்காது. பாஸை வாங்கிவிட்டால், கட்டின காசு வீணாகிவிடக் கூடாதே என்று இருவரும் ஓட ஆரம்பிப்பீர்கள். ஒரே நாள் இருப்பவர்களுக்கு அது கொடுமை.

இன்னொன்று, லண்டனின் பெரிய சொத்துகள் பலவற்றுக்குக் கட்டணமே இல்லை. பிரிட்டிஷ் மியூசியம், டிரஃபால்கர் சதுக்கத்து நேஷனல் கேலரி, ஆற்றங்கரையில் இருக்கும் டேட் மாடர்ன் கலைக்கூடம் என்று எதிலும் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கப் பணம் கேட்பதில்லை. எகிப்தின் ரொசெட்டா கல்வெட்டும் சோழர் கால நடராசரும் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரே கூரையின் கீழ் இலவசமாக இருக்கும்போது பாஸ் எதற்கு? வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்கூட மாலை வழிபாட்டில் உட்காரக் கட்டணம் கிடையாது. அது வழிபாடு, சுற்றிப் பார்க்கவோ படம் எடுக்கவோ விட மாட்டார்கள். ஆனால் அந்த மண்டபத்தில் அமர்ந்து பாடகர் குழுவைக் கேட்பது தனி அனுபவம். நேரத்தை அபேயின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஆளுக்கு ஓர் இடம் தேர்ந்தெடுங்கள். உங்கள் மனைவி ஒன்று, நீங்கள் ஒன்று. அந்த இரண்டுக்கும் மட்டும் அந்தந்த இடத்தின் சொந்தத் தளத்திலேயே முன்பதிவு செய்யுங்கள். கோட்டைக்கும் அபேக்கும் சேர்த்து இருவருக்கும் 130 பவுண்டை ஒட்டி வரும். விலை வருடா வருடம் ஏறுவதால் கிளம்பும் முன் சரிபார்த்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அபேயை விட்டுவிடுங்கள், அன்று வழிபாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும்.

இப்போது உங்கள் ரொக்கம். லண்டன் பேருந்தில் 2014-லிருந்தே காசு வாங்குவதில்லை. பேருந்து, பாதாள ரயில் இரண்டுக்குமே தொட்டுச் செல்லும் (காண்டாக்ட்லெஸ்) வங்கிக் கார்டு போதும். ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் குறிப்பிட்ட உச்சவரம்புக்கு மேல் பிடிக்க மாட்டார்கள். மத்திய லண்டனுக்குள் சுற்றினால் 2025 கட்டணப்படி ஒருவருக்கு 9 பவுண்டுக்குள் அடங்கிவிடும். இதில் தம்பதிகள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரே கார்டில் இருவரும் போக முடியாது, ஆளுக்கொரு கார்டு வேண்டும். காலையில் கார்டைத் தொட்டுவிட்டு மத்தியானம் அதே கார்டைக் கைபேசி வழியாகத் தொட்டால் இரண்டையும் வேறு வேறாகவே கணக்கு வைப்பார்கள், உச்சவரம்பு கைகூடாது. ரயிலில் ஏறும்போது தொட்டதை இறங்கும்போதும் தொடுங்கள். மறந்தால் அதிகபட்சக் கட்டணம் விழும். அன்றைய பயணங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தொகையாகத்தான் கணக்கில் வரும் என்பதால், உங்கள் வங்கி ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனிக் கட்டணம் பிடித்தாலும் பெரிதாகப் பாதிக்காது.

கார்டில் உருவிவிடுவார்கள் என்ற உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணம் போகும் வழி வேறு. உணவகத்தில் பில் கட்டும்போது கருவியின் திரையில் இரண்டு தொகை வரும்: ஒன்று பவுண்டில், இன்னொன்று உங்கள் நாட்டுப் பணத்தில். தெரிந்த பணத்தில் இருக்கிறதே என்று இரண்டாவதை அழுத்தினால், மாற்று விகிதத்தை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்தக் கருவியின் பின்னால் இருக்கும் நிறுவனம் போடும், அதன் லாபத்தையும் ஏற்றி. ஐந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டால்கூட 300 பவுண்டில் 15 பவுண்டு போய்விடும். உங்கள் இருவரின் அன்றைய பயணச் செலவில் பெரும்பகுதி அது. எப்போதும் பவுண்டையே அழுத்துங்கள். கருவியை உங்கள் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள், பரிமாறுபவர் அவசரத்தில் தேர்ந்தெடுத்துவிடுவதும் உண்டு. ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், மாற்று வேண்டாம் என்பதே பதில். கிரெடிட் கார்டில் ரொக்கம் எடுக்கவே எடுக்காதீர்கள், பொதுவாக அன்றிலிருந்தே வட்டி ஓடும்.

வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் வங்கி எத்தனை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறது என்று இன்றே கேளுங்கள். அதிகம் என்றால் பவுண்டு ஏற்றிய பிரீபெய்ட் கார்டு வாங்கலாம். எதுவானாலும் இருவரிடமும் தனித்தனிக் கார்டு, தனித்தனிப் பையில் இருக்கட்டும். லண்டன் தெருக்களில் கைபேசி பறிப்பு நடக்கிறது. எல்லாப் பணமும் ஒரே கைபேசிக்குள் இருந்தால் அந்த ஒரு நாள் அதோடு முடிந்தது.

ரொக்கமாக 40 பவுண்டு வைத்துக்கொள்ளுங்கள், போதும். "கமிஷன் இல்லை" என்ற பலகையைப் பார்த்து விமான நிலையத்தில் மாற்றாதீர்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் அவர்கள் லாபம் இருக்கிறது. உறவினர் யாராவது பழைய பவுண்டு நோட்டு கொடுத்தால் தடவிப் பாருங்கள். 20, 50 பவுண்டு காகித நோட்டுகள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடைகளில் செல்லாது, இப்போது இருப்பவை பாலிமர் நோட்டுகள். பழையதை பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் மாற்றலாம், ஆனால் ஒரே நாளில் அதற்கு ஏன் நேரம் செலவழிக்க வேண்டும்?

சாப்பாட்டுக்கு 80 பவுண்டு வையுங்கள். பில்லில் பெரும்பாலும் 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்ந்தே வரும். அது கட்டாயமில்லை, சேவை பிடிக்கவில்லை என்றால் எடுக்கச் சொல்லலாம். அது இருக்கும்போது மேலே டிப்ஸ் வைக்கத் தேவையில்லை. மது விற்க உரிமம் பெற்ற உணவகங்கள் கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்காதீர்கள்.

பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு விஷயம். சுற்றுலாப் பயணி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறும் வசதி லண்டனில் 2021 ஜனவரி 1 முதல் இல்லை. "20 சதவீதம் திரும்ப வருமே" என்று கணக்குப் போட்டு எதையும் வாங்கிவிடாதீர்கள்.

நுழைவு, பயணம், சாப்பாடு போக ஏறக்குறைய 70 பவுண்டு மிஞ்சும். மாலையில் கால் வலி இல்லை என்றால் லெஸ்டர் சதுக்கத்தில் இருக்கும் டிகேடிஎஸ் சாவடியில் அன்றைய நாடகங்களுக்குச் சலுகை விலை டிக்கெட் கிடைக்கிறதா என்று பாருங்கள். கால் வலித்தால் அந்தப் பணத்தில் ஒரு டாக்ஸி எடுத்து அறைக்குத் திரும்புங்கள், அதில் தயக்கமே வேண்டாம். வீடு வந்ததும் கார்டு அறிக்கையில் பயணத் தொகையைப் பாருங்கள். இறங்கும்போது தொட மறந்து அதிகமாகப் பிடித்திருந்தால் லண்டன் போக்குவரத்துத் துறையின் இணையதளத்தில் திரும்பக் கேட்கலாம்.